சிஞ்ஞோராவுக்கு எடுத்த ரிக்கற்

மெக்சிக்கோ நகரம்
24.11.1996

மொனிகாவின் அப்பாவுக்கு,

ஆண்டவர் துணையால் சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று வழி முழுக்கச் செபமாலை சொல்லிக்கொண்டே வந்தேன்.

பயணத்தில் சிஞ்ஞோரா அடேலேக்கு இடுப்பு நோவு கூடிவிட்டது. விமானத்தில் அவவின் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இறங்கின இடத்துக்கு அவவின் மகள் டொனாத்தெல்லா வந்திருந்தா. பலெர்மோ வீட்டில் படத்தில் பார்த்த அதே முகம், கொஞ்சம் மெலிவு. புருசனுக்கு ஓர் இத்தாலியக் கொம்பனியில் வேலை. வீட்டில் நிற்பது குறைவு. இரண்டு சின்னப் பெடியங்கள். பெரிய வீடு, சுற்றிவர உயர்ந்த மதில், படலைக்கு ஒரு காவற்காரன். இந்த ஊர் பொல்லாதது, தனியே வெளிக்கிடக் கூடாது என்று காரிலேயே சொல்லிவிட்டா.

என் பாஸ்போட்டையும் திரும்பிவரும் ரிக்கற்றையும் பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினா. சிஞ்ஞோராவின் பாஸ்போட்டும் அதற்குள்தான்.

இரண்டு மாதம்தானே. தை முடியத் திரும்பிவிடுவோம். இத்தாலியில் தங்க எனக்குத் தந்த பெர்மெஸ்ஸோ மே முப்பத்தோராம் திகதியோடு முடிகிறது. அதற்கு முன் நானே குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு நேரில் போனால்தான் புதுப்பிப்பார்கள். அந்த ஒரு தாள் கைக்கு வந்த பிறகுதானே போர்கோ வெக்கியோச் சந்தையில் பொலிஸைக் கண்டு ஒதுங்காமல் மீன் வாங்கினோம். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மொனிகாவை வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் அனுப்பாதேயுங்கோ. இரட்டைப் பின்னல் பின்ன வராவிட்டால் மேல்வீட்டுக் கத்தரீனா அக்காவிடம் விடுங்கோ. இங்கே ரெலிபோன் எடுக்கக் கேட்க முடியாது, எங்கள் வீட்டிலும் ரெலிபோன் இல்லை. கடிதத்தில்தான் கதைக்க வேண்டும்.

தபால்காரனைப் பார்த்திருக்கும்
செலஸ்ரீனா


பலெர்மோ
20.12.1996

அன்புள்ள செலஸ்ரீனாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் குறைவின்றி இருக்கிறோம். நீரும் அவ்வாறே இருக்கத் தேவதாயை மன்றாடுகிறோம்.

குளிர் தொடங்கிவிட்டதால் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைக்கு வரும் சனம் குறைந்துவிட்டது. முதலாளி என்னைச் சனி ஞாயிறு மட்டும் வந்தால் போதும் என்கிறார். மற்ற நாட்களில் வேறு வேலை தேடுகிறேன். மொனிகா கோவில் நத்தார் நாடகத்தில் சம்மனசு. செட்டைக்குக் கோழியிறகு வேண்டும் என்று ஒரு கிழமையாக என்னை அலைக்கழிக்கிறாள். பின்னல் இப்போது நானே பின்னுகிறேன். ஒன்று மேலே, ஒன்று கீழே போகிறது. பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்களாம்.

போன கிழமை சிஞ்ஞோராவின் மகன் தொத்தோரே வந்தார். அரை மணித்தியாலம் இருந்தார். கோப்பி போட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்கு உம்மைப்போல ஓர் ஆள் உலகத்தில் கிடைக்காது என்றார். குசினிச் சுவரில் ஈரம் ஊறுவதைக் காட்டினேன். ஆள் அனுப்பித் திருத்தித் தருவதாகச் சொன்னார். நீர் அவர்களுடைய தாயைப் பார்க்கிறீர் என்பதற்காக வாடகை இல்லாமல் தந்திருக்கும் வீடு. அதைக்கூட நான் கேட்டிருக்கத் தேவையில்லை. வேறு விசேசம் ஒன்றுமில்லை.

பாலன் பிறப்பின் ஆசீர் உமக்குக் கிடைக்கட்டும்.
சூசைதாசன்


மெக்சிக்கோ நகரம்
27.1.1997

மொனிகாவின் அப்பாவுக்கு,

எனக்குச் சுகம். உங்கள் இருவரின் சுகத்தை இந்தக் கடிதம் போய்ச் சேரும்போது கர்த்தர் காக்கட்டும்.

இன்று நான் பலெர்மோவில் நின்றிருக்க வேண்டிய நாள். வரவில்லை என்று உங்களுக்கு ஆரும் சொன்னார்களோ தெரியாது. சிஞ்ஞோராவின் இடுப்புக்கு இவ்வளவு தூரம் இருந்துகொண்டு போக ஏலாது என்று வைத்தியர் சொன்னதாக டொனாத்தெல்லா சொல்கிறா. பாஸ்காத் திருநாள் வரைக்கும் பார்ப்போமாம். வைத்தியர் வந்ததை நான் காணவில்லை.

முன்பு இங்கே ஒரு பெட்டை வந்து சமைத்துத் துடைத்துவிட்டுப் போவாள். புது வருசத்தோடு அவளை நிற்பாட்டிவிட்டார்கள். இப்போது சமையல், உடுப்பு, பெடியங்கள், இரவில் சிஞ்ஞோராவைத் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் காரில் ஏற்றிப்போய்க் காரில் கொண்டுவந்து இறக்குவார்கள். அதைத் தவிர நான் படலையைத் தாண்டவில்லை. பாஸ்போட்டைக் கேட்டேன். "அது எங்கை ஓடப்போகுது?" என்று சிரித்தா.

சிஞ்ஞோராவுக்கும் இங்கே இருக்க விருப்பமில்லை. தன் பல்கணியைப் பற்றியே கதைக்கிறா. ஆனால் மகளுக்கு முன்னால் வாய் திறக்கமாட்டா.

நீங்கள் ஒரு வரி எழுதுங்கோ. மே மாதத்துக்கு முன் என் மனைவி வீட்டுக்கு வர வேண்டும் என்று எழுதினால் போதும். இத்தாலியனில் எழுதினால் இன்னும் நல்லது. நான் அதைக் கொண்டுபோய்க் காட்டுவேன். நான் சொன்னால் கேட்கிறார்கள் இல்லை.

உங்கள்
செலஸ்ரீனா


பலெர்மோ
23.2.1997

அன்புள்ள செலஸ்ரீனாவுக்கு,

இறைவனின் கிருபையால் இருவரும் நலம். உமது நலத்தையும் சிஞ்ஞோராவின் நலத்தையும் அறிய ஆவல்.

இப்போது சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரினோப் பழம் ஆய்கிறேன். எங்கள் கிறிகோரி தன் வான் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு விடிய முன்னமே போவான். இந்தப் பழம் பிந்தித்தான் பழுக்கும், அதனால் இனிப்பு கூட என்கிறார்கள். விறைப்பில் விரல் மடங்காது. ஆனால் வீட்டுக்கு வந்தால் மொனிகா என் கையை மணந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

குசினிச் சுவரைத் திருத்தி வெள்ளையடித்துவிட்டார்கள். தொத்தோரே ஒரு பெரிய குளிரூட்டிப் பெட்டியும் அனுப்பியிருக்கிறார். நாங்கள் கேட்கவில்லை. மொனிகா அதைத் திறந்து திறந்து மூடுகிறாள். கணக்கில் நல்ல புள்ளி எடுத்திருக்கிறாள். மே இருபத்தைந்தாம் திகதி அவள் கோவிலில் முதல் நன்மை எடுக்கிறாள்.

நீர் எழுதியவற்றை வாசித்தேன். எதையும் ஆறுதலாக யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளும்.
சூசைதாசன்


மெக்சிக்கோ நகரம்
9.3.1997

மொனிகாவின் அப்பாவுக்கு,

நான் சுகம்.

உங்கள் கடிதத்தை ஐந்தாறு தரம் வாசித்தேன். சுவரைப் பற்றி இருக்கிறது, பெட்டியைப் பற்றி இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. தாள் ஏதும் உறைக்குள் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதோ என்று உறையையும் கிழித்துப் பார்த்தேன்.

வரச் சொல்கிறீர்களா, நிற்கச் சொல்கிறீர்களா? பிள்ளையின் முதல் நன்மைக்கு நான் நிற்க வேண்டாமா?

செலஸ்ரீனா


பலெர்மோ
31.3.1997

அன்புள்ள செலஸ்ரீனாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உம்மோடு இருப்பதாக. நாங்கள் நலம்.

பாஸ்காப் பூசைக்கு எங்கள் சனம் நிறைய வந்தது. எல்லோரும் உம்மைக் கேட்டார்கள். சுகமாக இருக்கிறா என்று சொன்னேன்.

வேலை குறைவான காலம் இது. மொனிகாவுக்குத் தனி மேசை, படிக்க வெளிச்சம் எல்லாம் இந்த வீட்டில் இருக்கிறது. நீர் கொஞ்சம் பொறுத்திரும். வேறொன்றும் எழுத வரவில்லை.

சூசைதாசன்


மெக்சிக்கோ நகரம்
10.4.1997

மொனிகாவின் அப்பாவுக்கு,

நானும் சிஞ்ஞோராவும் இருக்கிறோம். நீங்களும் பிள்ளையும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இது நீளமான கடிதம். பிள்ளை படுத்த பிறகு இருந்து வாசியுங்கோ.

சிஞ்ஞோராவுக்கு எண்பது வயது நிறைந்தது. அதற்கு மகள் ஒரு பரிசு எடுத்திருந்தா. இந்த நாட்டின் பேர்போன ஓவியர்கள் சுவர்களில் தீட்டிய படங்களையும் அவர்கள் சீவித்த வீடுகளையும் ஒரு நாளில் கூட்டிப்போய்க் காட்டும் பஸ். இத்தாலியன் கதைக்கும் வழிகாட்டியும் உண்டு. ஒரு ரிக்கற் சிஞ்ஞோராவுக்கு, மற்றது அவவைப் பிடித்துக்கொண்டு நடக்க எனக்கு. முதலில் போகும் அரசாங்க மாளிகையில் அடையாளம் கேட்பார்கள் என்பதால் முதல்நாளே எங்கள் இரண்டு பாஸ்போட்டையும் எடுத்துத் தாயிடம் கொடுத்து, பின்னேரம் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டா.

நேற்றுக் காலையில் மகள் வேலைக்குப் போன பிறகு சிஞ்ஞோரா எழும்பப் பார்த்தா, முடியவில்லை. வாசலில் பஸ் வந்து நிற்கிறது. காவற்காரனின் மனைவியை வந்து பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு என் பாஸ்போட்டை என் கையில் வைத்தா. "நீ போ. ரெண்டு ரிக்கற்றும் வீணாப் போகவேண்டாம்" என்றா. நான் தயங்க, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா.

அப்படித்தான் நான் உல்லாசப் பயணி ஆனேன். பஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு இத்தாலியர்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஊரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தது. பலெர்மோ என்றேன். பின்னுக்கு ஒருவர் சிரித்தார். வழிகாட்டி சிரிக்கவில்லை. பீலிக்ஸ் என்று பெயர், நாற்பது வயதிருக்கும். பலெர்மோவில் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டார். எங்கள் தெரு முடியும் பக்கம் என்றேன். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

மாளிகையின் அகலமான படிக்கட்டில் ஏறினால் மூன்று பக்கமும் சுவர் முழுக்கச் சனம். குதிரைக்காரர், குருமார், அடிக்கிறவன், அடிவாங்குகிறவன், நெற்றியில் பட்டி கட்டிப் பாரம் சுமக்கிறவன். வெறும் இடம் கையகலம்கூட இல்லை. இதைத் தீட்டியவர் ரிவேரா. வருசக்கணக்காகப் பலகையில் ஏறி நின்று தீட்டினாராம். சாந்து பூசி அது ஈரமாக இருக்கும்போதே தீட்டிவிட வேண்டும், காய்ந்தால் நிறம் ஏறாது, பிழைத்தால் சுவரைக் கொத்தித்தான் எடுக்க வேண்டும் என்று பீலிக்ஸ் சொன்னார். மற்றவர்கள் படம் பிடித்தார்கள். எனக்கு மே மாதம் நெஞ்சுக்குள் வந்து நின்றது.

மேலே இன்னொரு சுவரில் பழைய காலத்துச் சந்தை. சோளம், மீன், துணி. விலை பேசும் ஒரு மனிசியின் கை, எங்கள் போர்கோச் சந்தையில் கணவாய் விற்கிறவளின் கை மாதிரியே இருந்தது. அந்த இடத்தை விட்டு வர மனமில்லாமல் நின்றேன். பீலிக்ஸ் வந்து கூப்பிட்டார்.

பிறகு ரிவேராவின் மனைவி ஃப்ரீடாவின் வீடு. நீலச் சுவர். அவவும் பெரிய ஓவியக்காரி. இளவயதில் பஸ் விபத்தில் முதுகெலும்பு நொறுங்கினதாம். அவவின் கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடி பூட்டியிருக்கிறது. படுத்தபடி அதில் தன் முகத்தைப் பார்த்துத் தன்னையே தீட்டினாவாம்.  எனக்கு எங்கள் சிஞ்ஞோராதான் நினைவு. அவவுக்கு மேலே வெறும் முகடுதான் இருக்கிறது.

குசினி மஞ்சள் நிறம், நல்ல துப்புரவு. தினமும் வீடு நிறைய விருந்தாளிகள் வருவார்களாம். அப்படியென்றால் இங்கே சமைத்தது ஆர் என்று கேட்டேன். பீலிக்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வேலைக்காரர்தான். என்ரை அம்மாவும் உப்பிடி ஒரு வீட்டிலைதான் சமைச்சவ" என்றார்.

கடைசியாக ஒட்டினாற்போல இரண்டு வீடு. புருசனுக்கு ஒன்று, மனிசிக்கு ஒன்று. மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஒரு பாலம். மற்றவர்கள் உள்ளே போக நான் கீழே நின்று அந்தப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பீலிக்ஸ் கேட்டார், காலையிலிருந்து ஏன் பாஸ்போட்டைக் கையிலேயே பிடித்திருக்கிறீர்கள், பைக்குள் வைக்கலாமே என்று. பார்த்தேன், அட்டை வியர்வையில் ஊறியிருந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு என் முகத்தை அதில் நேற்றுத்தான் பார்த்தேன். அந்நிய மனிசன், இருந்தும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மே முப்பத்தொன்று வரைக்கும் சொன்னேன்.

"உங்கடை பாஸ்போட்டை வேறை ஒருத்தரும் வைச்சிருக்க ஏலாது. இண்டைக்கே இத்தாலியத் தூதரகத்திலை இறக்கிவிடுறன், வாறீங்களோ?" என்று கேட்டார்.

பஸ் அந்தத் தெருவால்தான் போனது. வாசலையும் காட்டினார். நான் இறங்கவில்லை. சிஞ்ஞோராவைப் பின்னேரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். காவற்காரனின் மனைவிக்கு அது தெரியாது. தன் விலாசத்தை எழுதித் தந்தார். நானாகவே வந்து மணியை அடித்தேன். படலை திறந்தது. நான் உள்ளே வரப் பின்னால் பூட்டியது.

வேலையால் வந்ததும் டொனாத்தெல்லா கையை நீட்டினா. பாஸ்போட் என்னிடமே இருக்கட்டும் என்றேன். அவவுக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியமாகப் பார்த்தா.

"உன்ரை புருசன் மார்கழியிலேயே ஓமெண்டிட்டார். நீ ஒரு வருசம் இஞ்சை நிக்கலாமெண்டு என்ரை தம்பியிட்டைச் சொன்னவர். உனக்குத் தெரியாதே?"

"தெரியும்" என்றேன்.

வேறென்ன சொல்வது? என் புருசன் என்னைக் கேட்காமல் என்னைக் கொடுத்தார் என்று அந்த வீட்டுக் குசினியில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாஸ்போட் இப்போது என் தலையணைக்குக் கீழே. ரிக்கற் இன்னும் அலுமாரிக்குள். சரியா பிழையா என்று நான் கேட்கவில்லை. ஓம் என்று சொன்னீர்களா என்று மட்டும் எழுதுங்கோ.

செலஸ்ரீனா


பலெர்மோ
5.5.1997

அன்பான மம்மாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா? இது மொனிகா. பப்பா கன தரம் எழுதினவர். எழுதி எழுதிக் கிழிச்சவர். பிறகு நீ எழுது எண்டார். தமிழ் பிழை விட்டால் கோபிக்க வேண்டாம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ரீச்சர் இன்னும் எல்லா எழுத்தும் சொல்லித் தரேல்லை.

நாங்கள் இப்ப கிறிகோரி மாமா வீட்டிலை இருக்கிறம். ஒரு அறை. நடுவிலை சீலை கட்டியிருக்கு. என்ரை மேசை இதுக்குள்ளை வராது, அதால விட்டிட்டு வந்தம். தொத்தோரே அனுப்பின ஃப்ரீகோவும் அங்கை விட்டாச்சு. எனக்கு அந்த ஃப்ரீகோ விருப்பம், ஆனால் பப்பா அது எங்கடை இல்லை எண்டார்.

வீட்டுத் திறப்பைக் குடுக்கத் தொத்தோரேயிட்டை நானும் போனனான், பப்பாவுக்கு இத்தாலியன் வராட்டில் சொல்ல. தொத்தோரே ஏன் எண்டு கேட்டார். பப்பா சொன்னார், "நான் என்ரை மனிசியைக் கேக்காமல் ஓமெண்டிட்டன். அந்த ஓமைத் திருப்பி எடுக்கிறன்" எண்டு. நான் அதை இத்தாலியனிலை சொன்னன். தொத்தோரே பிள்ளையை யோசிக்கேல்லையா எண்டு கேட்டார். அதை நான் பப்பாவுக்குச் சொல்லேல்லை. பப்பாவுக்கு விளங்கிட்டுது. திறப்பை மேசையிலை வைச்சிட்டு என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வெளியாலை வந்தார்.

கத்தரீனா அன்ரி எனக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறா. 25ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. வருவீங்களா?

உங்கள் மகள்
மொனிகா

(கீழே, வேறு கையெழுத்தில்:)

செலஸ்ரீனா, ஓம் என்று சொன்னேன். இனி அந்த வீடு இல்லை. வாரும்.
சூசை


மெக்சிக்கோ நகரம்
14.6.1997
(இத்தாலியனில் எழுதியது)

என் செலஸ்ரீனா,

நலமாக இருக்கிறேன் என்றுதான் கடிதங்கள் தொடங்க வேண்டுமாம். ஆகவே நலமாக இருக்கிறேன். நீயும் உன் கணவரும் சின்ன மொனிகாவும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு வெள்ளை உடை பொருந்தியதா?

நீ போன காலையில் நான் அழவில்லை என்று உனக்குக் கோபமாக இருந்திருக்கும். அழுதிருந்தால் நீ பெட்டியை இறக்கி வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். மகளின் சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்து உன் பயணச்சீட்டை நான் தந்ததற்காக அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேசாத டொனாத்தெல்லா பேசுகிற டொனாத்தெல்லாவைவிட நல்லவள். புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். உருளைக்கிழங்கு மூட்டையைப் புரட்டுவதுபோல என்னைப் புரட்டுகிறாள்.

உன் வழிகாட்டி பீலிக்ஸ் ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். விமான நிலையத்துக்கு உன்னை ஏற்றிவிட்டபோது நீ கேட்டுக்கொண்டாயாம். என் பேரன்களை ஓவியம் பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொல்லி இப்போது ஞாயிறுதோறும் வருகிறார். நான் போகாத இடங்களையெல்லாம் கட்டிலருகில் இருந்து சொல்லிக் காட்டுகிறார். எனக்கு எழுதினால் அவர் விலாசத்துக்கே எழுது. இங்கே என் தபாலை எனக்கு முன் மற்றவர்கள் வாசிக்கிறார்கள்.

என் பல்கணியில் நிற்கும் பொமேலியாப் பூமரத்துக்கு யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா? இந்நேரம் பூத்திருக்க வேண்டும். மகனைக் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறான். அந்தப் பல்கணியைத் திருத்த ஏதோ அனுமதி வேண்டுமாம். அடுத்த மாதக் கடைசியில் தாள்களோடு ஒருவர் வருவார், கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். மாதிரித் தாள் ஒன்றைக் காட்டினார்கள், எழுத்து மிகவும் சிறிது, என் கண்ணுக்குத் தெரியவில்லை. நீ ஒருமுறை தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு எழுது.

உன்னைத் தழுவிக்கொள்கிறேன்.
அடேலே


பலெர்மோ
6.7.1997
(இத்தாலியனில் எழுதியது)

மதிப்புக்குரிய சிஞ்ஞோரா அடேலே,

உங்கள் இடுப்பு எப்படி? இடப்பக்கம் படுக்கும்போது முழங்காலுக்கு இடையில் சின்னத் தலையணை வைக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கோ. நாங்கள் மூவரும் சுகம். நான் சொல்ல மொனிகா எழுதுகிறாள்.

அவளுடைய முதல் நன்மைக்கு நான் நின்றேன். சட்டை கொஞ்சம் நீளம், ஆனால் அடுத்த வருசமும் போடலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை, மே இருபத்தேழாம் திகதியே, குவெஸ்தூராவுக்குப் போய் வரிசையில் நின்று பெர்மெஸ்ஸோவுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். பொலித்தேயாமா அரங்குக்குப் பக்கத்தில் இரண்டு வீட்டில் மணிக்கணக்குக்கு வேலை செய்கிறேன். பின்னேரம் என் வீட்டுக்கு வந்துவிடுவேன். வீடு என்று சொல்வது கிறிகோரியின் அறையில் ஒரு பாதி. என் கணவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் இப்போது எல்லா நாளும் வேலை செய்கிறார். அவர் ஓம் என்ற அந்த ஒரு வருசக் கதையை நாங்கள் இன்னும் கதைக்கவில்லை. ஒரு நாள் கதைப்போம்.

உங்கள் வீட்டைப் பார்க்கப் போனேன். பார்த்துவிட்டு வந்து ஒரு கிழமையாக உங்களுக்கு எழுதவில்லை. நேற்று என் கணவரிடம் சொன்னேன்.

"கிழவிக்கு ஏன் கவலை குடுப்பான்? எல்லாம் நல்லா இருக்கெண்டு எழுதிவிடும்" என்றார்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.  பிறகு அவர் தானே எழும்பிப் போய், பேனையைத் தேடி எடுத்து, மொனிகாவின் கையில் கொடுத்தார்.

சிஞ்ஞோரா, உங்கள் பல்கணியில் பூமரம் இல்லை. சட்டிகளைக் கீழே முற்றத்தில் அடுக்கியிருக்கிறார்கள். கம்பியில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்குகிறது. நான் நிற்கும்போதே ஒரு புருசனும் பெண்சாதியும் வந்து மேலே போனார்கள். வாசல் பார்க்கும் அம்மா எனக்குச் சொன்னா, சாமான்களில் பாதி போய்விட்டது, நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் மிச்சமும் முடிந்துவிடும் என்று. அவவும் உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தா.

அந்தத் தாள்கள் பல்கணி திருத்துவதற்கு இல்லை.

வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. தாள் வரும் நாளில் பீலிக்ஸைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு வரியையும் உரத்து வாசிக்கச் சொல்லுங்கோ. உங்கள் பிள்ளைகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு நல்லது என்று நினைத்திருப்பார்கள். விற்க விருப்பமானால் போடுங்கோ. விருப்பமில்லாவிட்டால் போடாதேயுங்கோ. இதை உங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நான் கேட்கிறேன்.

திரும்பி வர நினைத்தால், மூன்று மாடி எப்படி ஏறுவாய் என்று சொல்லுவார்கள். அதற்குப் பயப்படாதேயுங்கோ. ஒரு பக்கம் நானும் மற்றப் பக்கம் அவருமாகக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போவோம்.

பூமரத்துக்கு இன்று தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். முற்றத்திலும் அது பூத்துத்தான் நிற்கிறது.

கர்த்தர் உங்களோடு இருப்பாராக.
செலஸ்ரீனா